எங்கள் அடுப்பில் உருகிய காரீயம்

வாசகர் கேள்வி - பதில்

இரண்டு இதழ்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சின்னச் செய்தி எழுதியிருந்தேன். கோடையில் காவிரி சுருங்கிக் கிடந்தபோது, ஒகேனக்கல்லை ஒட்டிய ஊட்டமலைக்குக் கீழே ஒரு பாறைக் குழியில் என் பழைய மாணவர்கள் நால்வருடன் இறங்கி, அறுந்து சிக்கிக் கிடந்த தூண்டில் நரம்புகளை அகற்றினோம். தூண்டில் தாழ்வதற்காக நரம்பில் கட்டும் ஈயக்குண்டுகள் அதோடு வந்தன. அவற்றைப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தால் 1 கிலோ 340 கிராம். ஒரே ஒரு குழியில், ஒரு காலைப்பொழுதில் கிடைத்தது அவ்வளவு. "ஆற்றில் விட்ட ஈயம் ஆற்றோடு போய்விடுவதில்லை" என்று அந்தச் செய்தியை முடித்திருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தபின், இந்த இதழின் பகுதி முழுவதையும் ஈயத்துக்கே ஒதுக்குவது என்று முடிவு செய்தேன்.

புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பென்னாகரம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். என் அப்பா ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளியவர். பரிசலுக்கு ஆள் வராத நாட்களில் வலை வீசியவர். அதனால் கீழே உள்ள பதில்களில் பாதி பாடப்புத்தகத்திலிருந்து வந்தவை, பாதி எங்கள் வீட்டிலிருந்து வந்தவை.

*

டீச்சர், காவிரியில் வினாடிக்கு ஆயிரக்கணக்கான கன அடி தண்ணீர் போகிறது. அதில் ஒரு பத்து கிராம் குண்டு விழுந்தால் என்ன ஆகிவிடும்? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரில் ஈயம் கலந்து வருகிறது என்று எங்கள் தெருவில் ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?
- தூண்டில் சாமான் விற்பவர், பென்னாகரம்

நல்ல கேள்வி. கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. உங்கள் பத்து கிராம் குண்டு முழுவதும் கரைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரம்பைத் தொடும் அளவுக்கு அது எவ்வளவு தண்ணீரைக் கெடுக்க முடியும்? பத்து லட்சம் லிட்டரை. கேட்க மிகப் பெரிய எண். ஆனால் ஒகேனக்கல்லில் நீர்வரத்து வினாடிக்கு வெறும் 1,000 கன அடி என்று செய்தி வாசிக்கும் கோடை நாளில்கூட, பத்து லட்சம் லிட்டர் நம்மைக் கடந்து போக 35 வினாடிதான் ஆகும். குண்டோ அரை நிமிடத்தில் கரைகிற பொருள் இல்லை. முழுதாகக் கரையப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். ஆகவே தூண்டில் குண்டால் குழாய்த் தண்ணீரில் ஈயம் வருகிறது என்று சொன்னவர் தவறாகச் சொல்லிவிட்டார்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இரண்டும் தண்ணீரைக் கண்டு பயந்தே வளர்ந்தவை. ஆழ்துளைக் கிணற்றுப் புளோரைடால் பல்லில் காவிக் கறை ஏறி, சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்ட பிள்ளைகள் என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இருந்தார்கள். 2013இல் காவிரித் தண்ணீர் குழாயில் வந்த பிறகுதான் அந்தப் பயம் கொஞ்சம் தணிந்தது. அந்தத் தண்ணீரின்மேல் இல்லாத பழியைப் போட்டு, மக்களை மறுபடியும் ஆழ்துளைக் கிணற்றுப் பக்கம் விரட்டிவிடக் கூடாது.

அப்படியென்றால் குண்டு விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது. ஈயம் தண்ணீரில் கிடந்தால் அதன்மேல் கார்பனேட் படலம் ஒன்று படிகிறது. காவிரி நீரைப் போலச் சற்றே காரத்தன்மை உள்ள நீரில் அந்தப் படலம் ஓரளவு கவசமாக நின்று கரைதலைத் தாமதப்படுத்தும். ஆனால் பாறை இடுக்கில் சிக்கிய குண்டை ஓடுகிற மணல் ஓயாமல் உரசுகிறது. படலம் தேய்கிறது, புது ஈயம் வெளியே தெரிகிறது, மறுபடியும் படலம் படிகிறது. இப்படி உதிர்கிற துகள் நீரில் மிதப்பதைவிட வண்டலில் ஒட்டிக்கொள்வதே அதிகம். எல்லாரும் உட்கார்ந்து தூண்டில் போடுகிற அதே பாறைகளுக்குக் கீழே, நத்தையும் புழுவும் வாழ்கிற அதே சேற்றில் அது சேர்கிறது. ஆறு முழுவதும் பரவுகிற விஷமாக இதைப் பார்க்க வேண்டாம். குறிப்பிட்ட சில குழிகளில் மட்டும் குவிகிற விஷம் இது. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. ஈயம் தண்ணீருக்குள் மெதுவாகத்தான் விஷமாகிறது. வயிற்றுக்குள் போனால் மிக வேகமாக விஷமாகிறது. அடுத்த கடிதம் அதைப் பற்றியது.

*

இங்கிலாந்தில் அன்னப் பறவைகள் ஈயக்குண்டால் செத்தன என்று படித்தேன். காவிரியில் அன்னம் இல்லையே. அந்தச் செய்தி நமக்கு எதற்கு?
- ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர், தர்மபுரி

ஐயா, அன்னம் இல்லை. அன்னத்துக்கு இருக்கிற அதே வயிறு உள்ள பறவைகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன.

பறவைக்குப் பல் கிடையாது. வாத்து, கோழி, அன்னம் எல்லாம் இரையை அரைக்க அரைவைப்பையைத்தான் நம்பியிருக்கின்றன. நாட்டுக்கோழியை அறுக்கும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தப் பைக்குள் பொடிக் கற்கள் கிடக்கும். அவை பறவை தேடிப் பொறுக்கி விழுங்கிய கற்கள். அதற்கு அவைதான் அம்மி. நீர்ப்பறவை ஆற்றுப் படுகையில் அந்த அளவுக் கல்லைத் தேடும்போது, ஒரு சின்ன ஈயக்குண்டும் அதற்குக் கல்லாகத்தான் தெரியும். உள்ளே போனபின் ஒரு பக்கம் கற்கள் அதை அரைக்கின்றன, மறுபக்கம் வயிற்று அமிலம் கரைக்கிறது. ஆற்றில் பல பத்தாண்டுகள் எடுக்கும் வேலை வயிற்றில் சில நாட்களில் தொடங்கிவிடுகிறது. ஈயம் இரத்தத்தில் ஏறுகிறது. உணவுக்குழாயும் அரைவைப்பையும் செயலிழக்கின்றன. பறவை தின்றுகொண்டேதான் இருக்கும். தின்றது கீழே இறங்காது. வயிறு நிறைந்திருக்கப் பட்டினியால் சாகிற சாவு அது. இங்கிலாந்தில் அன்னங்கள் கழுத்தைத் தூக்க முடியாமல் வளைந்து தொங்கப்போட்டபடி கிடந்தன.

ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரில் ஏவன் ஆற்றில் கூட்டமாக இருந்த அன்னங்கள் 1970களின் இறுதியில் இல்லாமலே போயின. 1981இல் அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்பு மன்றம் அறிக்கை வெளியிட்டது. ஆண்டுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அன்னங்கள் ஈய நஞ்சால் இறப்பதாக அதில் மதிப்பிட்டிருந்தார்கள். 1987இல் 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையிலான ஈயக்குண்டுகளின் விற்பனைக்குத் தடை வந்தது. அன்னங்கள் மீண்டும் பெருகின. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் லூன் என்ற முக்குளிக்கும் பறவைக்காக 2000ஆம் ஆண்டு முதல் சிறு ஈயக்குண்டுகள் தடை செய்யப்பட்டன. அங்கே கல் என்று நினைத்து விழுங்கிய பறவைகளும் உண்டு. தூண்டிலை அறுத்துக்கொண்டு ஓடிய மீனை, வாயில் தொங்கும் குண்டோடு சேர்த்து விழுங்கிய பறவைகளும் உண்டு. லூனைக் கொல்ல ஒரு குண்டு போதும்.

அந்த இங்கிலாந்துச் சட்டத்தில் உள்ள அளவைக் கவனியுங்கள். 28 கிராமுக்கு மேற்பட்ட பெரிய குண்டை அவர்கள் விட்டுவிட்டார்கள். பறவை விழுங்கக்கூடிய அளவைத்தான் பிடித்தார்கள். நான் பாறைக் குழியிலிருந்து எடுத்ததில் பெரும்பகுதி அந்த அளவுதான். நம் பக்கத்தில் புள்ளிமூக்கு வாத்தும் நாமக்கோழியும் முக்குளிப்பானும் கிருஷ்ணகிரி அணையில் இருக்கின்றன. குண்டோடு ஓடிய மீனைத் தின்பதற்கு நீர்க்காகம் இருக்கிறது. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தின் நீர்நாய்களும் ஆமைகளும் முதலைகளும் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆற்றங்கரைகளில்தான் வாழ்கின்றன. அவற்றின் வயிற்றை யாரும் திறந்து பார்க்காததால் அங்கே ஈயம் இல்லை என்று ஆகிவிடாது.

*

நான் வாத்து மேய்ப்பவன். பாரூர் ஏரிப் பாசன வயல்களில் அறுவடைக்குப் பின் மேய்க்கிறேன். இந்த ஆண்டு இரண்டே நாளில் முப்பது வாத்துகள் கழுத்துத் தொங்கிச் செத்துவிட்டன. ஈயம்தானா?
- பாரூர்

முப்பது வாத்து என்பது உங்களுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும். ஆனால் நீங்கள் சொல்கிற வேகத்தைப் பார்த்தால் ஈயமாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஈயம் பறவையை வாரக்கணக்கில் வாட்டும். மெலியும், பச்சையாகக் கழியும், கூட்டத்திலிருந்து ஒதுங்கும். இன்றைக்கு ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று விழும். ஒரே நேரத்தில் கூட்டமாகக் கழுத்துத் தொங்கிச் சாவது பெரும்பாலும் பொட்டுலிசம் என்கிற நச்சு. வெயிலில் தேங்கிய குட்டையில் செத்து அழுகிய பறவை, மீன், அதில் நெளியும் புழு, இவற்றைத் தின்பதால் வருவது. அதனால் முதல் வேலையாகச் செத்த வாத்துகளை ஏரியிலோ வாய்க்காலிலோ வீசாமல் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். மந்தையை அந்தக் குட்டையிலிருந்து நகர்த்துங்கள். இனி ஒன்று செத்தால் அன்றைக்கே பனிக்கட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அரைவைப்பையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஈயமாக இருந்தால் கற்களுக்கு நடுவே தேய்ந்து தட்டையாகி, பளபளக்கும் சாம்பல் நிறத் துண்டு கிடைக்கும். எதனால் செத்தாலும் அதைக் கறி வைக்க வேண்டாம்.

*

ஈயம் விஷம் என்று எழுதினீர்கள். எங்கள் மாமியார் காலத்து ஈயச் சொம்பில்தான் இன்றும் ரசம் வைக்கிறேன். தூக்கிப் போட்டுவிட வேண்டுமா?
- இல்லத்தரசி, கிருஷ்ணகிரி

இதே கேள்வியோடு பதினோரு கடிதங்கள். பிழை என்னுடையது. தமிழில் ஈயம் என்றால் இரண்டு உலோகம் என்பதை அன்றே எழுதியிருக்க வேண்டும்.

ரசச் சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம்தான். தூண்டில் குண்டு காரீயம். பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் குணத்தில் இரண்டுக்கும் உறவில்லை. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், அதனால்தான் தண்ணீர் இல்லாமல் அடுப்பில் வைத்த சொம்பு ஓட்டையாகிறது. காரீயம் 327 டிகிரியில் உருகும். நல்ல வெள்ளீயச் சொம்பில் ரசம் வைப்பதில் பயமில்லை.

ஆனால் சொம்பு உண்மையிலேயே வெள்ளீயமா என்பது வேறு கேள்வி. காரீயம் மலிவு. அதைக் கலந்தால் பார்வைக்குத் தெரியாது. புளிக்கரைசல் அதை நன்றாகவே கரைத்துவிடும். வகுப்பில் நான் செய்துகாட்டிய சோதனையை வீட்டிலும் செய்யலாம். சொம்பை நிறுத்து கிராம் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் சொம்பை முழுவதும் மூழ்கவிட்டு, உள்ளே காற்றுக்குமிழ் இல்லாமல் பார்த்துக்கொண்டு, வழிந்த தண்ணீரைப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். எடையை அந்த மில்லி லிட்டரால் வகுத்தால் வெள்ளீயத்துக்கு ஏறத்தாழ 7.3 வரும். 730 கிராம் சொம்பு என்றால் 100 மில்லி வழிய வேண்டும். 8க்கு மேல் போனால் அந்தச் சொம்பை அடுப்பில் ஏற்றாதீர்கள். குறைவான கலப்பை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்கு ஆய்வகம்தான் வழி. புதிதாக வாங்கினால் ரசீதில் சுத்த வெள்ளீயம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம்.

*

பெயர் வேண்டாம் அம்மா. என் கணவர் வீச்சு வலைக்குக் குண்டு ஊற்றப் பழைய பேட்டரித் தகடு வாங்கிவந்து சமையலறை அடுப்பிலேயே உருக்குகிறார். பெண்ணுக்கு 6 வயது, பையனுக்கு 2. நான் வேண்டாம் என்றால், "எங்கள் அப்பா காலத்திலிருந்து செய்கிறோம், யாருக்கு என்ன ஆயிற்று?" என்கிறார்.
- காவிரிக் கரை கிராமம்

அம்மா, உங்கள் கணவர் கேட்ட அதே கேள்வியை அதே சொற்களில் என் அப்பாவும் கேட்டிருக்கிறார். அதனால் எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்.

எனக்கு எட்டு வயது, தம்பிக்கு மூன்று. அப்பா பென்னாகரம் சந்தைக்குப் போய்வரும்போது பழைய இரும்புக் கடையில் ஈயக் கேபிள் உறையும் பேட்டரித் தகடும் வாங்கிவருவார். மழை பிடித்துக்கொண்ட நாட்களில் வெளியே வேலை ஓடாது. வீட்டுக்குள் விறகடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து உருக்குவார். கெட்டியான செம்மண்ணில் குழி போட்டு, நடுவே கம்பி நட்டு, கரண்டியால் அள்ளி ஊற்றுவார். ஆறியபின் கம்பியை உருவினால் துளை போட்ட மணி கிடைக்கும். மண்ணில் ஈரம் இருந்த ஒருநாள் ஊற்றிய ஈயம் வெடித்துத் தெறித்து அவர் புறங்கையில் விழுந்தது. அந்தத் தழும்பைத்தான் எல்லாரும் ஆபத்து என்று நினைத்தோம். உண்மையான ஆபத்து சத்தமில்லாமல் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கரண்டி குழம்புக் கரண்டிகளோடுதான் தொங்கும். சட்டியில் மிதந்த கசண்டை அப்பா அடுப்பு ஓரத்திலேயே தட்டிவிடுவார். அந்த அடுப்புச் சாம்பலை அள்ளித்தான் அம்மா பாத்திரம் துலக்குவார். நானும் தம்பியும் மணிகளை நூலில் கோப்போம். அவன் இரண்டு மணியை வாயில் போட்டு உருட்டிக்கொண்டே கோப்பான். கீறல் போட்ட சின்னக் குண்டைத் தூண்டில் நரம்பில் பல்லால் கடித்து இறுக்குவது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த வித்தை.

தம்பி வெளுத்துப்போனான். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பான். நாள்கணக்கில் மலம் போகாது. பூச்சி என்று சொல்லி வேப்பங்கொழுந்தும் பூச்சி மருந்தும் மாறி மாறிக் கொடுத்தார்கள். பள்ளியில் எழுத்து நிற்கவில்லை, கணக்கு ஏறவில்லை. மந்தம் என்று பெயர் வைத்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். இன்றைக்கும் ஆடு விற்ற பணத்தை எண்ண என்னிடம்தான் கொண்டுவருவான்.

ஈயத்தால்தான் என்று நிரூபிக்க என்னிடம் ஒரு காகிதம்கூடக் கிடையாது. யாரும் அவன் இரத்தத்தை எடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் ஈய நஞ்சின் அறிகுறிகளை நூலகத்தில் ஒரு பக்கத்தில் வரிசையாகப் பார்த்தேன்: வெளுப்பு, வயிற்று வலி, மலச்சிக்கல், கற்றல் குறைவு. அந்தப் பக்கத்தை என்னால் திருப்ப முடியவில்லை. யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் என் தம்பிதான்.

இப்போது வேதியியல். உடம்பு ஈயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து ஏற்றுக்கொள்கிறது. பெரியவர் விழுங்கிய ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு இரத்தத்தில் சேரும் என்றால், சின்னக் குழந்தைக்கு அதைப்போல் நான்கைந்து மடங்கு சேரும். வளரும் மூளைதான் அதற்கு முதல் பலி. மிஞ்சியது எலும்பில் போய் உட்கார்ந்து பல பத்தாண்டுகள் கிடக்கும். பெண் கருவுற்றிருக்கும்போது எலும்பிலிருந்து கிளம்பிக் கருவுக்கும் போகும். குழந்தைக்கு இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. தரையில் உட்கார்ந்து விளையாடி, கையை வாயில் வைக்கிற உங்கள் 2 வயதுப் பையனைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை.

பேட்டரித் தகடு மற்ற ஈயத்தைவிடக் கொடியது. அதில் இருப்பது முழு உலோகம் இல்லை; பாதிக்கு மேல் ஆக்சைடும் சல்பேட்டுமாக உள்ள பசை. காய்ந்தால் மாவாக உதிரும். கூடவே கந்தக அமிலம். செனகல் நாட்டின் டக்கார் நகரத்தை ஒட்டிய தியாரோய் சுர் மேர் என்ற குடியிருப்பில் பழைய பேட்டரிகளைப் பிரித்து ஈயம் எடுத்துவந்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள். அந்தக் குழந்தைகள் சுவாசித்ததும் விழுங்கியதும் இந்தத் தூசியைத்தான்.

இன்றே செய்ய வேண்டியது, வீட்டுக்குள் உருக்குவதை நிறுத்துவது. இதில் பேரம் வேண்டாம். தகடு, சட்டி, கரண்டி எல்லாவற்றையும் பிள்ளைகள் கை எட்டாத இடத்துக்கு, வீட்டுக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லுங்கள். அந்தக் கரண்டி இனிச் சமையலுக்கு வரக் கூடாது. துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி எழும்பும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் தரையையும் அடுப்புத் திண்ணையையும் சன்னல் விளிம்பையும் துடைத்து, அந்தத் துணியைத் தனியே கட்டி ஒதுக்கிவிடுங்கள். விறகடுப்பாக இருந்தால் அந்தச் சாம்பலைப் பாத்திரம் துலக்கவோ செடிக்குப் போடவோ வேண்டாம். அவர் வேலை முடித்த சட்டையோடு பையனைத் தூக்கக் கூடாது.

பிறகு, இரண்டு பிள்ளைகளுக்கும் இரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டும் என்று அரசு மருத்துவமனைக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் பேட்டரித் தகடு உருக்கினோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அந்த எண்ணமே தோன்றாமல் போகலாம், எங்கள் காலத்தில் பூச்சி மருந்து கொடுத்ததைப் போல. ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். 45ஐத் தொட்டால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து குழந்தைகளுக்குத் தேவைப்படும். இதற்கிடையில் பிள்ளைகளைப் பட்டினி போடாதீர்கள். வெறும் வயிற்றில் ஈயம் அதிகமாக ஏறும். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊர்க் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய. களியும் கூழும் கீரையும் முட்டையும் கொடுங்கள். இது மருந்தாகாது, புதிதாக ஏறுவதைக் குறைக்கும், அவ்வளவுதான்.

உங்கள் கணவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். என் அப்பா பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் வலை வீசினார். தெரிந்திருந்தால் அந்தச் சட்டியை வீட்டுக்குள் ஏற்றியிருக்கவே மாட்டார். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், பிரசுரிக்க மாட்டேன்.

*

ஒகேனக்கல் மீன் சாப்பிடலாமா?
- பஸ் நடத்துநர், தர்மபுரி

சாப்பிடலாம். பாதரசத்தைப் போல ஈயம் மீனின் சதையில் அடுக்கடுக்காகக் கூடிக்கொண்டே போவதில்லை. செவுள், ஈரல், சிறுநீரகம், எலும்பு ஆகியவற்றில்தான் அதிகம் தங்கும். செவுளையும் குடலையும் முழுவதும் எடுத்துவிட்டுக் கழுவுங்கள். கெளுத்தி, வாளை போன்றவற்றின் வயிற்றில் சில நேரம் தூண்டில் முள்ளோ குண்டோ இருக்கும். கண்டால் அந்தக் குடலை நாய்க்கோ கோழிக்கோ போடாதீர்கள்.

*

சொல்வது எளிது டீச்சர். ஈயம் இல்லாமல் வலை எப்படித் தாழும்? மாற்று இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எங்களை விட்டுவிடுங்கள்.
- மீனவர், ஏரியூர்

கோபம் நியாயமானது. வீச்சு வலையையும் தூண்டிலையும் பிரித்துப் பேசுவோம்.

வீச்சு வலைக்கு ஈயம்போல் இன்னொன்று கிடைப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விரிந்து விழுந்த வலையின் விளிம்பு மீனுக்கு முன்னால் தரையைத் தொட வேண்டும். கனமாகவும் இருக்க வேண்டும், நூலை அறுக்காமல் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். ஆனால் வலையை நீங்கள் ஆற்றில் விட்டுவிட்டு வருவதில்லை, வீட்டுக்கு எடுத்துவருகிறீர்கள். அதிலிருந்து ஆற்றுக்குப் போவது அறுந்து உதிரும் சில மணிகள்தாம். விளிம்புக் கயிற்றைத் தளரவிடாமல் கட்டிவைத்தால் அதுவும் குறையும். எனவே வலைக்காரர்களிடம் நான் கேட்பது, வீட்டில் உருக்க வேண்டாம், பிள்ளைகளைக் கோக்க விட வேண்டாம் என்பது மட்டுமே.

நாளெல்லாம் ஆற்றில் ஈயத்தை விட்டுவருவது தூண்டில். நான் எடுத்த 1 கிலோ 340 கிராமும் தூண்டில் குண்டுதான், அதில் பெரும்பகுதி சுற்றுலாவாக வந்து பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட்டவர்கள் விட்டது. அதற்கு மாற்று இன்றைக்கே இருக்கிறது. ஈயத்தின் அடர்த்தி 11.3, இரும்பின் அடர்த்தி 7.8. கேட்டால் பெரிய வித்தியாசமாகத் தோன்றும். ஆனால் தண்ணீருக்குள் இழுக்கும் இழுப்பைக் கணக்கிட்டால், 10 கிராம் ஈயத்தின் வேலையைப் பத்தரை கிராம் இரும்பு செய்துவிடும். பருமன் மட்டும் ஒன்றரை மடங்கு ஆகும். 10 மில்லிமீட்டர் நட்டு ஒன்று ஏறத்தாழ 11 கிராம் இருக்கும், துளையும் தயாராக இருக்கிறது. ஓசூர்ப் பட்டறைகளில் மரை தேய்ந்து கழித்த நட்டை எடைக்குப் போடுகிறார்கள். துத்தநாக முலாம் பூசாத வெறும் இரும்பு நட்டாகப் பாருங்கள். துத்தநாகமும் பறவை வயிற்றுக்கு ஆகாது. இரும்பு துருப்பிடிக்கும், துரு ஆற்றுக்குக் கெடுதல் செய்யாது.

கல்லும் ஆகும். 10 கிராம் ஈயத்துக்குப் பதினான்கு பதினைந்து கிராம் கருங்கல் வேண்டும். பருமன் ஆறு மடங்கு. ஓடும் நீரில் அது உருளும், தேங்கிய மடுவில் போதும். சுட்ட களிமண் குண்டும் ஓட்டமில்லாத ஏரிக்குப் பொருந்தும். இன்னொரு பழக்கம் கட்டாயம் கைக்கொள்ளுங்கள்: குண்டை நரம்பில் நேரடியாகக் கட்டாமல், ஒரு சாண் பருத்தி நூலில் கட்டி அந்த நூலை நரம்பில் முடியுங்கள். பாறையில் சிக்கினால் நூல் மட்டும் அறும். நரம்பும் முள்ளும் மீனும் உங்களுக்கே. அறுந்து நீருக்குள் கிடக்கும் நைலான் நரம்பு நீர்நாயின் காலையும் ஆமையின் கழுத்தையும் சுற்றிக்கொள்கிறது, அதுவும் குறையும்.

*

நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். சின்னாற்றில் கிடைத்த மூன்று ஈயக்குண்டுகளை ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன். இப்போது பயமாக இருக்கிறது. எறிந்துவிடட்டுமா?
- மாணவி, பாலக்கோடு

கண்ணு, பயப்படாதே. வைத்திருந்ததால் மட்டும் ஒன்றும் ஆகாது. தொட்ட கையை வாயில் வைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். எறிய மட்டும் எறியாதே. ஆற்றில் எறிந்தால் மறுபடியும் ஆற்றில். குப்பையில் எறிந்தால் குப்பையைக் கிளறும் கோழியின் வயிற்றில்.

மூடி உள்ள ஒரு சின்ன பாட்டிலில் குண்டுகளைப் போட்டு, மேலே 'காரீயம், தொடாதே' என்று எழுதி ஒட்டு. ஜாமெட்ரி பாக்ஸைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவை. ரப்பரை மாற்றிவிடு. பென்சில் நுனியைக் கடிக்கிற வழக்கம் இருந்தால் அந்தப் பென்சிலையும் மாற்று. பென்சிலுக்குள் இருப்பது காரீயம் இல்லை, கிராஃபைட் என்கிற கரி. ஆனால் அது மூன்று குண்டுகளோடு ஒரே பெட்டியில் உருண்டிருக்கிறது.

பாட்டிலை அப்பாவிடம் கொடுத்து, பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடையில் சேர்க்கச் சொல். அதற்கு முன் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு, ஆய்வகத் தராசில் ஒரு காகிதம் விரித்து மூன்றையும் நிறுத்துப் பார்த்து, எத்தனை கிராம், சின்னாற்றில் எந்த இடம் என்று எனக்கு எழுது. என் நோட்டில் 1 கிலோ 340 கிராமுக்குக் கீழே அடுத்த வரி காலியாக இருக்கிறது.